கண்ணில் படாத பாகங்கள்

தில்லி நேரு பிளேஸில் ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிய அனுபவம்

மேகதூதம் என்றால் எனக்குக் காளிதாசன் நினைவுக்கு வருவார். என் மகளுக்கோ ரேம் விலை. தெற்கு தில்லியின் நேரு பிளேஸில் 'மேக்தூத்' என்பது ஒரு கட்டடத்தின் பெயர். இன்னொன்று மஞ்சுஷா, மற்றொன்று ஹேம்குண்ட். அலுவலகங்களுக்காகத் தில்லி வளர்ச்சி ஆணையம் திட்டமிட்ட வளாகம் இது. பெயர் வைத்தவர்கள் புராணத்தையும் காவியத்தையும் நினைத்திருக்க வேண்டும். குடிவந்ததோ கம்ப்யூட்டர் வியாபாரிகள்.

சென்னைக்கு ரிச்சி தெரு, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு, மும்பைக்கு லேமிங்டன் ரோடு என்றால் தலைநகருக்கு நேரு பிளேஸ். 2010இல் மெட்ரோ வந்த பிறகு போவது எளிதாகிவிட்டது. ஆனால் நடுத்திடலில் கால் வைத்ததும் கூட்டம் பழைய கூட்டம்தான். தரையில் விரித்த துணிக் குவியல், பெல்ட்டுகள், நின்றபடியே செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டித்தரும் இளைஞர்கள், சோலே குல்சே வண்டி. "லேப்டாப் ரிப்பேர்? சாஃப்ட்வேர்?" என்று காதருகே வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். போலிச் சரக்குக்குப் பேர்போன சந்தைகள் என்று அமெரிக்க அரசு வெளியிடும் பட்டியலில் இந்த இடம் பலமுறை இடம்பெற்றிருப்பதில் வியப்பில்லை.

2024 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை நானும் மகளும் அங்கே போனோம். ஞாயிறு சந்தைக்கு விடுமுறை. அவளுக்கு வேண்டியது விளையாட்டுக்கான கம்ப்யூட்டர். இரண்டு வருடம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்தது ரூ.45,000. மீதி ரூ.25,000 என்னுடையது. மானிட்டரும் கீபோர்டும் வீட்டில் இருந்தன. நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: ஆறேழு வருடம் உழைக்க வேண்டும்.

நிபந்தனைக்குக் காரணம் உண்டு. 2009இல் என் முதல் அசெம்பிள்ட் கம்ப்யூட்டரை இதே வளாகத்தில் வாங்கினேன். எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்பெட்டியில் பெயர் தெரியாத ஒன்றைத் தேர்ந்தெடுத்ததில் ரூ.400 மிச்சம். அடுத்த கோடையில் ஒரு நள்ளிரவு, மின்சாரம் போய்த் திரும்பிய வேகத்தில் அந்தப் பெட்டி கருகியது. கூடவே ஹார்டு டிஸ்க்கும் போனது. அதில் நான் பாதிவரை மொழிபெயர்த்திருந்த ஒரு நாவலின் 140 பக்கங்கள் இருந்தன. வேறு பிரதி இல்லை. பதிப்பாளர் காத்திருக்கவில்லை.

முதல் கடைக்காரர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழு வண்ண விளக்குகள் சுழன்றன. எல்லாம் சேர்த்து ரூ.62,000 என்றார். "எஸ்.எம்.பி.எஸ். எந்த கம்பெனி?" என்று மகள் இந்தியில் கேட்டாள். "அதெல்லாம் கூடவே வரும் மேடம்" என்றவர், விளக்கின் நிறத்தை ரிமோட்டில் மாற்றிக் காட்டினார். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

இரண்டாவது கடை, வெற்றிலைக் கறை படிந்த படிக்கட்டில் ஏறினால் முதல் மாடியில் ஒரு குறுகிய அறை. வயதான சர்தார்ஜி. விளக்கெரியும் பெட்டி எதுவும் இல்லை. மகள் ஒரு தாளில் எழுதிவந்த பட்டியலை வாங்கிப் பார்த்தவர், கீழேயிருந்து மேலாகப் படிக்க ஆரம்பித்தார். கடைசி வரியில் இருந்தது எஸ்.எம்.பி.எஸ்.

"இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்" என்றார்.

பிராசசர் சாதாரணமாக 65 வாட் வகை, கிராபிக்ஸ் கார்டு 170 வாட். மற்றதையும் சேர்த்தால்கூட 300 வாட்டைச் சுற்றித்தான் வரும். 450 வாட் என்று எழுதிய மலிவுப் பெட்டியே போதும் போலத் தோன்றும். ஆனால் எழுதியிருப்பதை எல்லாப் பெட்டியும் தருவதில்லை. மின்னழுத்தம் எகிறும்போது தன்னை நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பும் எல்லாவற்றிலும் இருப்பதில்லை. 80 பிளஸ் சான்றும் ஐந்து வருட வாரன்டியும் உள்ள 650 வாட் பெட்டியை எடுத்தோம். நாளை பெரிய கார்டு போட்டாலும் தாங்கும்.

அடுத்தது மதர்போர்டு. பிராசசர் உட்காரும் சாக்கெட்தான் கம்ப்யூட்டரின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. நிலை அப்படியே இருந்தால் கதவை மட்டும் மாற்றலாம். ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட்டில் 2017இல் ரைசன் வந்தது. 2022இல் வந்த பிராசசரும் அதே சாக்கெட்டில் உட்கார்ந்தது. இன்டெல் 2021இல் கொண்டுவந்த சாக்கெட்டை 2024இல் மாற்றிவிட்டது. 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையிலாவது ஆதரிப்பதாக ஏஎம்டி அறிவித்திருந்தது. எனவே அந்த வகை பி650 போர்டும், ஆறு கோர் கொண்ட ரைசன் 5 7600 பிராசசரும் எடுத்தோம். நாலைந்து வருடத்தில் வேகம் போதாவிட்டால் பிராசசரை மட்டும் மாற்றினால் போதும்.

கிராபிக்ஸ் கார்டில்தான் சற்று வாக்குவாதம். 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 வேகமானது. ஆனால் அதன் நினைவகம் 8 ஜிபி. 2021இல் வந்த 3060 கார்டின் ஒரு வகையில் 12 ஜிபி. வேகம் குறைந்தால் விளையாட்டின் காட்சித் தரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். கார்டில் நினைவகத்தைப் பிறகு கூட்ட வழியே கிடையாது. புதிய விளையாட்டுகள் 8 ஜிபியைத் திணறடிக்க ஆரம்பித்துவிட்டன. மகள் பழையதையே தேர்ந்தெடுத்தாள். பாதி விலைக்குச் செகண்ட்ஹேண்ட் கார்டு கிடைக்கும் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் ஆசை காட்டினார். ஈதர் நாணயத்தைத் தோண்டப் பல மாதங்கள் இரவு பகலாக ஓடிய கார்டுகள், 2022 செப்டம்பரில் அந்த முறை கைவிடப்பட்டதும் சந்தையில் வந்து குவிந்தன. எது அப்படி உழைத்துக் களைத்தது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கேபினெட்டுக்கு முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை போதும் என்பது சர்தார்ஜியின் யோசனை. மே மாதத் தில்லியில் 45 டிகிரி சாதாரணம். காற்று உள்ளே போக வழி வேண்டும். புழுதியைத் தடுக்கக் கழற்றிக் கழுவும் வடிகட்டியும் வேண்டும்.

ரேமில் நான் மூக்கை நுழைத்தேன். "32 போட்டுடலாம்பா" என்றாள் மகள். சுமார் ரூ.4,000 கூடுதல். "16 போதும். ரேம் விலை எப்போதும் இறங்கத்தான் செய்யும், அப்புறம் வாங்கலாம்" என்று அனுபவஸ்தனாகச் சொன்னேன். 8 ஜிபி தகடுகள் இரண்டு வாங்கினோம்.

கடைசியில் பில். இங்கே இரண்டு வகை: கச்சா, பக்கா. கச்சா என்றால் துண்டுச் சீட்டு, 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம். ஆனால் பிராசசருக்கும் கார்டுக்கும் உள்ள மூன்று வருட வாரன்டியைக் கேட்கப் போகும்போது துண்டுச் சீட்டு உதவாது. ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணையும் எழுதிய பக்கா பில் வாங்கினோம். பெட்டியில்லாமல் தட்டில் வரும் மலிவு பிராசசரைத் தவிர்த்ததும் இதனால்தான். அதற்குக் கடைக்காரரின் வாக்கு மட்டுமே வாரன்டி. கணக்கு ரூ.69,400இல் முடிந்தது.

2025 கோடையில் இரண்டு முறை தெருவே இருண்டு, மின்சாரம் எகிறித் திரும்பியது. எதிர்வீட்டில் டி.வி. போனது. எங்கள் வலைப்பெட்டி ஒருமுறை அணைந்து மறுபடி எழுந்தது. அன்றிரவு என் இப்போதைய மொழிபெயர்ப்பின் மூன்று அத்தியாயங்கள் அதில்தான் இருந்தன. இம்முறை வேறு இரண்டு இடங்களிலும் பிரதி வைத்திருந்தேன்.

ஆனால் ரேம் விஷயத்தில் என் அனுபவம் பொய்த்தது. செயற்கை அறிவுக்கான தரவு மையங்கள் சிப்புகளை வாரிக்கொள்ள, 2025 இறுதியில் சில மாதங்களுக்குள் ரேம் விலை இரு மடங்கைத் தாண்டியது. காலியாக இருக்கும் மற்ற இரண்டு இடங்களிலும் தகடு செருகினால் இந்த வகை போர்டில் வேகம் குறையும் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முதலிலேயே 16 ஜிபி தகடுகளாக இரண்டு வாங்கியிருக்க வேண்டும்.

செய்தியைப் படித்துவிட்டு மகள் என்னைப் பார்த்தாள்.

"2009ல நானூறு. இந்தத் தடவை நாலாயிரம். மிச்சம் பிடிக்கிறதுல முன்னேறிட்டீங்கப்பா."