முயலச் சொன்ன சட்டம், ஆமையான வழக்கு

தேவர்கள் கோஷ்டியாகக் கூடிப் பேசியதால் திருக்கோஷ்டியூர் என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. அரசியலில் கோஷ்டிக்கு என்ன அர்த்தம் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை!

இந்த ஊர் சிவகங்கை மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. 2009 மே 16 அன்று இங்கே காங்கிரஸின் ப.சிதம்பரம், அ.தி.மு.க-வின் ராஜ கண்ணப்பனை 3,354 வாக்குகளில் வென்றார். அன்று டி.வி-க்களுக்குத் தீபாவளி. முன்னிலை, பின்னடைவு, மறுபடி முன்னிலை என மூச்சுவிடாமல் பேசினார்கள். முடிவை ஏற்காத கண்ணப்பன் சென்னை உயர் நீதிமன்றம் போனார். கேமராக்கள் அடுத்த பரபரப்புக்குப் போய்விட்டன.

தேர்தல் வழக்கை 6 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். கவனியுங்கள், ‘முயல’ வேண்டும். வழக்கு என்னவோ ஆமையாகத்தான் போனது. மனுவையே தள்ளுபடி செய்யுங்கள் என்று சிதம்பரம் கேட்க, சில குற்றச்சாட்டுகளை மட்டும் நீக்கிவிட்டு, மற்றவற்றை விசாரிக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னபோது தேதி 2012 ஜூன் 7. விசாரிக்கலாமா என்று முடிவெடுக்கவே 3 வருஷம்! ராமானுஜர்கூட 18 முறை நடந்ததும் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் உபதேசம் வாங்கிவிட்டார்.

குற்றச்சாட்டு பொய்யென்றால், அது சிதம்பரத்துக்குச் சீக்கிரம் கிடைத்திருக்க வேண்டிய நியாயம். உண்மையென்றால், ஓட்டுப் போட்டவர்களுக்கு. 2014-ல் அந்த மக்களவையே முடிந்துபோனது.

2020-ல் கண்ணப்பன் தி.மு.க-வில் சேர்ந்தார், 2021-ல் அமைச்சரானார். சிதம்பரத்தின் காங்கிரஸ் அப்போது அதே கூட்டணியில் இருந்தது. அன்று இருவரும் ஒரே கோஷ்டி!