‘எனக்கு எதுக்குலே ஜாக்கெட்?’ - காரங்காடு கயாக்கில் ஒரு சங்குகுளி தாத்தா!

காலை ஏழு மணி. காரங்காடு படகுத்துறையில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. வந்தவர்கள் ஒவ்வொருவராக எடுத்து மாட்டிக்கொள்ள, எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி நின்றார்.

“ஐயா, இதைப் போட்டுக்கிடுங்க. இது இல்லாம யாரையும் ஏத்த மாட்டோம்” என்றார் படகுத்துறை இளைஞர்.

“எனக்கு வேண்டாம்ப்பா. புள்ளைகளுக்குப் போட்டு விடு.”

பக்கத்தில் நின்ற பதினோரு வயதுப் பேரன், “போடுங்க தாத்தா” என்று வேட்டியைப் பிடித்து இழுத்தான்.

“எனக்கு எதுக்குலே ஜாக்கெட்? முப்பது வருஷம் கடலுக்கு அடியில கிடந்தவன் நான்.”

அவர் சொன்னது பொய்யில்லை. தூத்துக்குடி தெரேஸ்புரத்தில் பிறந்து, மீசை அரும்பும் வயதிலேயே சங்கு குளிக்க இறங்கியவர். முதலில் மூச்சை அடக்கிக்கொண்டு, பிறகு கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றுக்குழாயைக் கவ்விக்கொண்டு. அந்தக் கடல் அவருக்குச் சோறு போட்டது. இடது காதின் கேட்கும் திறனை எடுத்துக்கொண்டது. மனைவி போன பிறகு முத்தையாபுரத்தில் மகள் வீட்டோடு இருக்கிறார். மருமகனுக்குத் துறைமுகத்தில் வேலை. மாடியில் நின்றால் ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் துறைமுகத்துக் கிரேன்கள். கடல் கூப்பிடு தூரம்தான். ஆனால், சங்கு குளித்தவரின் பேரனுக்கு நீச்சல் தெரியாது.

காரணம், மகள். சின்ன வயதில் அப்பா கரை திரும்பும் வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தவள் அவள். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழ்களாக மாறி, மூட்டையும் நரம்பையும் பதம் பார்த்துவிடும். தெருவில் அப்படி நடை போனவர்களைப் பார்த்து வளர்ந்தவள். ‘என் பிள்ளைக்குக் கடல் வேண்டாம்’ என்று முடிவெடுத்தவள், நீச்சலையும் சேர்த்தே தள்ளி வைத்துவிட்டாள்.

பிறகு இந்தப் பயணம் எப்படி நடந்தது? மே மாத விடுமுறையில், ‘கயாக்’ ஓட்டும் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டுப் பையன் பிடித்த பிடிவாதம்தான். “வாசல்ல கடலை வெச்சிக்கிட்டு, காசு கொடுத்துத் தண்ணி பார்க்கப் போகணுமாக்கும்!” என்று தாத்தா முணுமுணுத்தார். மருமகன் சமாதானம் சொன்னார். மே மாதத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் தென்மேற்குக் காற்று தூக்கும், அலையும் சேர்ந்துகொள்ளும். ராமநாதபுரத்துக்கு வடக்கே பாக் விரிகுடா அந்த நாள்களில் அமைதியாக இருக்கும். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அதுதான் தோது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பி, சாயல்குடியில் கருப்பட்டி வாங்கி, ராமநாதபுரம், தேவிபட்டினம் தாண்டிப் போனார்கள். தென்னந்தோப்புக்குள் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்த ஓட்டு வீடு. முற்றத்தில் கயிற்றுக் கட்டில், பின்பக்கம் கிணறு, டி.வி கிடையாது. முதல் நாள் இரவு தோப்பில் விழுந்த நெற்று சத்தத்துக்குப் பையன் நாலு முறை எழுந்து உட்கார்ந்தான். மறுநாள் காலை காரங்காடு.

திருவாடானை தாலுகாவில் இருக்கும் இந்தக் கடலோரக் கிராமத்தில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து சூழல் சுற்றுலா நடத்துகிறார்கள். அலையாத்திக் காட்டுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் நீர்ப்பாதையில் படகிலும் போகலாம், கயாக்கிலும் போகலாம்.

அங்கேதான் இந்த ஜாக்கெட் வழக்கு.

தாத்தா போடவில்லை என்றதும், பையன் தன் ஜாக்கெட்டின் பட்டையை ‘டக்’கென்று கழற்றினான். “அப்ப எனக்கும் வேண்டாம். நான் சங்குகுளி பேரன்லா!”

மகளின் முகம் வெளுத்தது. “யாரும் எங்கயும் போக வேண்டாம். வீட்டுக்குக் கிளம்புவோம்” என்றாள். குரல் நடுங்கியது. அப்பாவை அவள் எதிர்த்துப் பேசியதே இல்லை. அன்றைக்கும் அதற்கு மேல் பேசவில்லை. அவரை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். சின்ன வயதில் வாசலில் உட்கார்ந்து பார்த்த அதே பார்வை.

தாத்தா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இளைஞரிடம் கையை நீட்டினார். “குடுப்பா. எந்தப் பட்டையை எங்க மாட்டணும்னு சொல்லு.”

இளைஞர் நெஞ்சோடு இறுக்கிப் பட்டைகளை மாட்டினார். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். ஜாக்கெட் காது வரை ஏறி வந்தால் தளர்வு என்று அர்த்தம். தண்ணீரில் விழுந்தால் அது மட்டும் மிதக்கும், ஆள் நழுவிவிடுவார். “கவிழ்ந்தா பயப்படாதீங்க. படகை விட்டுட்டு நீந்தக் கூடாது. அதைப் பிடிச்சிக்கிட்டே இருங்க, நாங்க வந்துருவோம்” என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்.

ஒரு கயாக்கில் தாத்தாவும் பேரனும். இன்னொன்றில் மகளும் மருமகனும். மகள் படகு என்று ஒன்றில் ஏறுவதே அதுதான் முதல்முறை.

கயாக், கேனோ இரண்டையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். கேனோவின் துடுப்புக்கு ஒரு முனையில் மட்டும்தான் தட்டை இருக்கும், நம் ஊர் வள்ளத்துத் துடுப்பு மாதிரி. கயாக் துடுப்புக்கு இரு முனையிலும் தட்டை உண்டு. வலம், இடம் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். கயாக் ஆர்க்டிக் பகுதியின் இன்யூட் மக்கள் சீல் தோலைப் போர்த்திச் செய்த வேட்டைப் படகு. 1936 பெர்லின் ஒலிம்பிக்கிலிருந்து கயாக்கும் கேனோவும் பந்தயமாகவும் இருக்கின்றன. ஆங்கிலத்துக்கு ‘கேட்டமரான்’ என்ற சொல்லைக் கொடுத்த கட்டுமரக் கரையில் பிறந்த தாத்தாவுக்கு, இந்த இரட்டைத் துடுப்பு புதுசு. பழக்கதோஷத்தில் ஒரே பக்கமாகப் போட்டுத் தள்ள, கயாக் அதே இடத்தில் வட்டமடித்தது.

“தாத்தா, ரைட்டு... இப்ப லெஃப்ட்டு... ரைட்டு!” முன்னால் உட்கார்ந்து பேரன் பாடம் எடுத்தான். பத்தே நிமிடம். அந்தத் தோள்கள் கணக்கைப் பிடித்துக்கொண்டன. கயாக் சத்தமில்லாமல் காட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போனது.

இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருந்த வேர்களைப் பையன் விசித்திரமாகப் பார்த்தான். “அது மரத்தோட மூக்கு. சேத்துக்குள்ள காத்து கிடைக்காதுல்லா, அதான் வெளிய நீட்டி மூச்சு விடுது” என்றார் தாத்தா.

“நீங்க எப்படி தாத்தா அடியில மூச்சு விட்டீங்க? பயமே இருக்காதா?”

துடுப்பை மடியில் வைத்துவிட்டு அவர் சொன்னார்.

அவருடைய அப்பா முத்துக் குளித்தவர். 1961-ல் தூத்துக்குடியில் நடந்த கடைசி அரசு முத்துக்குளிப்பில் இறங்கியவர். கல்லில் கால் வைத்துக் கீழே போவார்கள். அடியில் சிப்பிகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, மூச்சு முட்டும்போது கயிற்றை ஒரு இழுப்பு. மேலே இருப்பவர் அந்த நொடியே தூக்க வேண்டும். கண நேரம் அசந்தால் ஆள் இல்லை. அதனால்தான் கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள் என்று அந்தக் கரையில் சொல்வார்கள். தன் அக்கா, தங்கச்சி தாலியை அறுக்க எவனுக்கும் மனசு வராது.

“என் காலத்துல கயிறு போயி காத்துக்குழாய் வந்துச்சு. ஆனா மேல உட்கார்ந்து குழாயைப் பார்த்துக்கிட்டது உங்க பாட்டியோட தம்பிதான். தைரியசாலின்னு என்னை எல்லாரும் சொன்னாங்க. அவன் மேல இருந்த தைரியத்துலதாம்லே நான் கீழ இருந்தேன்.”

சற்று நிறுத்தி, ஜாக்கெட்டைத் தட்டிக் காட்டினார். “இங்க மச்சான் இல்ல. அதான் இது.”

பக்கத்துக் கயாக்கில் வந்துகொண்டிருந்த மகள் காதிலும் அது விழுந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. துடுப்பை மட்டும் வேகமாகப் போட்டு அவர்களுக்கு இணையாக வந்தாள்.

அன்று மாலை, ஓட்டு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து தாத்தா தெரேஸ்புரத்துக்கு போன் போட்டார். நல்ல காது பக்கம் போனை வைத்துக்கொண்டு, “மச்சான், இன்னைக்கு ஜாக்கெட்டு போட்டுல்லா தண்ணியில இறங்குனேன்” என்றார். அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது முற்றம் முழுக்கக் கேட்டது. “முப்பது வருஷம் நான் கண்ணு மூடாம உட்கார்ந்திருந்ததுக்கு இப்பவாவது மரியாதை கொடுத்தீரே வே!”

போனை வைத்ததும் மகள் காபியைக் கொண்டு வந்து நீட்டினாள்.

“அப்பா, ஊருக்குப் போனதும் இவனுக்கு நீச்சல் சொல்லிக் கொடுங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “நீ பயப்படுவியேம்மா?”

“பயப்படத்தான் செய்வேன். கரையில நின்னு பார்த்துக்கிட்டே இருப்பேன். நீங்க சொல்லிக் கொடுங்க.”