330 கிலோமீற்றரும் 75 கிலோமீற்றரும்

சென்ற மாதம் தர்மபுரத்தில் அக்கா வீட்டு விறாந்தையில் இருந்தபோது அவருடைய பேரன் கைத்தொலைபேசியில் பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையிலான வான்வழித் தூரத்தைத் தேடிக் காட்டினான். ஏறத்தாழ 330 கிலோமீற்றர். சென்னையையும் பார்க்கச் சொன்னேன். 355 அளவில் வந்தது.

"அப்ப கொழும்பும் சென்னையும் எங்களுக்கு ஒரே தூரம்தானே, தாத்தா?"

பழைய சங்கதிதான். 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானமே இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, யாழ்ப்பாணத்தில் இறங்கிச் சென்னை போனது. ஆனால் அவனுக்கு நான் சொல்லாத கணக்கு ஒன்றுண்டு.

எங்கள் அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்தார். 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் விமானம் 55 பேருடன் மன்னார்க் கடலில் வீழ்ந்த பிறகு, விமானத்தில் ஏறமாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டது. நான் கொழும்பில் பத்திரிகை வேலையில், அக்கா தர்மபுரத்தில்.

2007இல் அம்மா காலமானார். அனுமதி எடுத்து, விடியற்காலையில் இரத்மலானையில் வரிசையில் நின்று, பொதிகளை இருமுறை கொட்டிக் காட்டி, மதியத்துக்குப் பிறகே விமானம் ஏறினேன். பறந்தது ஒரு மணித்தியாலம். அன்றைய பயணத்தில் மிகக் குறுகிய பகுதி அதுதான். இறங்குமுன் யன்னல்களை மூடச் சொன்னார்கள். கொள்ளி வைக்க நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

தர்மபுரத்திலிருந்து பரந்தன், ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணம் 75 கிலோமீற்றர் அளவில். முகமாலை மூடியிருந்ததால் அக்காவுக்கு அந்த வழி இல்லை. வன்னியை விட்டு வெளியேறப் பாஸ் எடுத்து, ஓமந்தை கடந்து, வவுனியா, கொழும்பு, பிறகு விமானம் என்று ஏறத்தாழ 700 கிலோமீற்றர் சுற்றி வரவேண்டும். பாஸ் கிடைக்கவில்லை. அதைவிட, செய்தியே வவுனியா உறவினர் மூலம் மூன்றாம் நாள்தான் அவரிடம் போய்ச் சேர்ந்தது. எட்டும் அந்தியேட்டியும் அவர் இல்லாமலே நடந்தன.

2009 ஜனவரியில் தர்மபுரமும் பெயர்ந்தது. அதைப் பற்றி அக்கா பேசுவதில்லை. திரும்பி வந்து மீளக் கட்டிய வீடு இது.

2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது, "ஒருமுறை சென்னைக்குப் போய் வருவோமே அக்கா" என்று கேட்டேன்.

"நான் அறிஞ்ச பிளேன் எல்லாம் குண்டு போட்டதுதான், தம்பி" என்றார். சற்றுப் பொறுத்து, "அண்டைக்கு நீ எங்கட தலைக்கு மேலாலயா போனனீ?" என்றார். பன்னிரண்டு ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்த கேள்வி.

இல்லை, மேற்குக் கடல் பக்கமாகத்தான் போனது என்றேன். யன்னல்கள் மூடியிருந்ததைச் சொல்லவில்லை.

ஒவ்வோராண்டும் அம்மாவின் திவசத்துக்கு அக்கா யாழ்ப்பாணம் போகிறார். பரந்தனில் பஸ் மாறவேண்டும். எட்டு மணிக்கு வெளிக்கிட்டால் மத்தியானப் படையலுக்கு முன்பாகவே போய்விடலாம். அவர் ஐந்து மணிக்கே சந்தியில் நிற்பார்.