வயலுக்கு வரும் விருந்தாளிகள்

சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். எண்ணூர், அத்திப்பட்டு வரை புகைபோக்கிகள்தான். மீஞ்சூர் தாண்டியதும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக வயல்கள்! பொன்னேரி, கவரப்பேட்டை வரை நெல்லும் ஏரியும் பனையும் கூடவே வரும். கும்மிடிப்பூண்டியில் இறங்கினால் மறுபடியும் சிப்காட் தொழிற்சாலைகள். சுமார் ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு உலகம்!

வயல்களுக்கு நடுவே கலர் கொடி கட்டிய மனைக்கற்களும் கண்ணில் படும். "பசங்க கம்பெனி வேலைக்குப் போயிட்டாங்க. நாத்து நட ஆள் கிடைக்கலை. வித்துடலாம்" என்ற பேச்சு இந்தப் பக்கத்து வீடுகளில் சகஜம். நிலத்தை விற்காமல், விவசாயத்தையும் விடாமல் நாலு காசு கூடுதலாகப் பார்க்க வழி உண்டா? உண்டு. பட்டணத்துக் குடும்பங்களை ஒரு நாள் விருந்தாளிகளாக வயலுக்கு அழைப்பதுதான் அது.

மகாராஷ்டிரத்தில் பாராமதிக்கு அருகே பல்ஷிவாடி என்ற சிற்றூரில், பாண்டுரங் தாவரே என்பவர் 2005 வாக்கில் இதைத் தொடங்கினார். மாட்டு வண்டிச் சவாரி, வயலைச் சுற்றிப் பார்ப்பது, மதியம் சோள ரொட்டியும் கடலைமாவுக் குழம்பும், அவ்வளவுதான். புனே, மும்பைக் குடும்பங்கள் தேடி வந்தன. பிறகு பல மாவட்ட விவசாயிகளும் இதைப் பின்பற்ற, 2020இல் அந்த மாநில அரசே வேளாண் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை வகுத்தது. இத்தாலியிலோ 1985லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது.

"நம்ம வீட்டுக் கூழை யாருங்க காசு குடுத்துக் குடிப்பாங்க?" என்று கேட்காதீர்கள். மாடி வீட்டில் வளரும் குழந்தைக்குக் கன்றுக்குட்டியைத் தொட்டுப் பார்ப்பதே திருவிழா!

திருவள்ளூர் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் நெல் உண்டு. ஆகவே நடவோ அறுவடையோ காட்ட ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். வேர்க்கடலை பிடுங்கலாம், விடியற்காலையில் மல்லி பறிக்கலாம். பொன்னேரிப் பக்கம் வருபவர்கள் பழவேற்காடு ஏரியையும், திருவள்ளூர்ப் பக்கம் வருபவர்கள் வீரராகவர் கோயிலையும், 1944இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கத்தையும் பார்த்துத் திரும்பலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் யாரையும் அழைக்க வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு ஞாயிறன்று 3 குடும்பம், 12 பேர் என்று வைத்துக்கொள்வோம். சாப்பாடு சேர்த்துத் தலைக்கு 400 ரூபாய் என்றால் 4,800 ரூபாய். மளிகை, உதவியாள் கூலி எல்லாம் 2,500 போனாலும் 2,300 மிஞ்சும். போகும்போது அவர்கள் வாங்கும் கீரை, நாட்டு முட்டை, முருங்கைக்காய் தனி. தரகர் கமிஷன் இல்லை. சமைப்பதும் உபசரிப்பதும் வீட்டுப் பெண்கள் என்பதால், இந்தப் பணம் அவர்கள் கைக்கே வரட்டும். வீட்டில் இதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

தொடங்குமுன்...

* சுத்தமான கழிப்பறையும், காய்ச்சி ஆறவைத்த குடிநீரும் முதல் தேவை. குழந்தையோடு வரும் தாய் இதைத்தான் முதலில் கேட்பாள்.

* கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர், மேலே வலை, மோட்டார் அறைக்குப் பூட்டு கட்டாயம்.

* பூச்சிமருந்து அடித்த வயலுக்குள் யாரையும் விடாதீர்கள்.

* கட்டணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எத்தனை பேர் என்று முதல் நாளே கேட்டு உலை வையுங்கள்.

* உணவு விற்பதற்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும். ஊராட்சி அலுவலகத்திலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

* தங்கும் அறை கட்டுகிறேன் என்று கடன் வாங்காதீர்கள். காலையில் வந்து மாலையில் திரும்பும் விருந்தாளிகளே ஆரம்பத்துக்குப் போதும்.

பட்டணத்துச் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. அது ஓட்டல் அல்ல, ஒரு குடும்பத்தின் வீடு. சொல்லிவிட்டுப் போங்கள், பிளாஸ்டிக் குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள், வரப்பில் நடக்கக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். பேரம் பேசாமல் இரண்டு கட்டுக் கீரை வாங்குங்கள். அடுத்த முறை போகும்போது அந்த வயல் வயலாகவே இருக்க, நம்மால் ஆன உதவி அதுதான்.