வாழ்த்துரை போதாது

29.08.2025, வெள்ளி

போட்டிக்கான கவிதையை இன்று தபாலில் சேர்த்தேன். தாளில் புனைபெயர் மட்டும். சொந்தப் பெயரும் முகவரியும் தனியாக ஒட்டிய சிறிய உறைக்குள். முகநூலில் போட்டாலும் பிரசுரமானதாகவே கொள்வார்களாம். அதனால் முகநூலில் ஏற்கெனவே போட்டிருந்த, கோணாப்புலம் இடம்பெயர்ந்தோர் முகாம் பற்றிய கவிதையை அனுப்ப முடியவில்லை. மயிலிட்டித் துறைமுகத்தில் பிடித்துக் கட்டிவைத்திருக்கும் இந்திய இழுவைப் படகுகளைப் பற்றியது போயிருக்கிறது. எங்கள் வலைகளை நாசமாக்கிய படகுகள்; அவற்றில் எழுதியிருக்கும் பெயர்களோ தமிழ். கோபத்தையும் உறவையும் ஒரே பாட்டில் வைக்க முயன்றிருக்கிறேன்.

01.09.2025, திங்கள்

ஜனாதிபதி வந்து மயிலிட்டித் துறைமுகத்தின் மூன்றாம் கட்ட வேலையைத் தொடக்கிவைத்தார். 1990 யூனில் போரால் எங்கள் சனம் விட்டு ஓடிய கரை இது. 2017 யூலை 3இல்தான் துறைமுகம் இராணுவத்திடமிருந்து திரும்பக் கிடைத்தது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் மின்னூலகத் திட்டமும் இன்றே தொடங்கியது. 1981இல் எரிந்த நூலகத்துக்கு இது வேண்டியதுதான். ஆனால் மின்னூலகத்தில் ஏற்ற ஏடு வேண்டுமே! ஓடிய அன்று காணி உறுதியையும் உடுப்பையும் எடுத்த கைகளில் கவிதைக் கொப்பிக்கு இடமிருக்கவில்லை. வலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டுகளையாவது, தெரிந்த கிழவர்கள் இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும்.

04.09.2025, வியாழன்

வேறொரு கவிதையை அனுப்பியிருந்த சஞ்சிகையின் ஆசிரியரிடமிருந்து பதில். கவிதையை எடுத்துக்கொள்கிறார், கடைசி ஆறு வரிகளை வெட்டலாமா என்று கேட்கிறார். வெட்டிவிட்டு உரக்க வாசித்தேன். கவிதை நிமிர்ந்து நின்றது. வரி வரியாக வாசித்துச் சொல்லும் ஆசிரியர் கிடைப்பது பெரும் பேறு. இரவு, பாமினி எழுத்துருவில் கிடந்த பழைய கவிதைகளை ஒருங்குறிக்கு மாற்றினேன். என் கவிதைத் தொகுப்பு அச்சுக்குப் போக இந்த வேலை முடிய வேண்டும்.

07.09.2025, ஞாயிறு

யாழ்ப்பாணத்தில் ஒரு நூல் வெளியீடு. ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, மதிப்பீட்டுரை, ஏற்புரை என்று எல்லாம் ஒழுங்காக நடந்தன. முதற்பிரதியை வர்த்தகர் ஒருவர் பெற்றார். மற்றவர்கள் உறைக்குள் காசு வைத்துக் கொடுத்துப் பிரதி வாங்கினோம். எங்கள் மண்ணில் கவிதைப் புத்தகம் பெரும்பாலும் எழுதியவரின் காசில்தான் அச்சாகிறது. அச்சகக் கடன் அடைவது இந்த உறைகளால். ஆகவே விழாவைப் பழிக்க மாட்டேன். என் வருத்தம் மதிப்பீட்டுரை பற்றியது. அரைமணி நேரப் பேச்சில் ஒரு கவிதைகூட முழுதாக வாசிக்கப்படவில்லை. ஒரு குறையும் சொல்லப்படவில்லை. அந்த நூல் நல்ல நூல். அதற்கு இதைவிட மரியாதை வேண்டும்.

11.09.2025, வியாழன்

பாரதி நினைவுநாள். எனக்கு 'மஹாகவி' என்ற பெயரில் எழுதிய ஈழத்துக் கவிஞரின் நினைவும் வந்தது. அளவெட்டியில் பிறந்தவர், மீனவர் வாழ்வை வைத்துப் 'புதியதொரு வீடு' என்ற பாநாடகம் எழுதியவர். 1971இல் மறைந்தார். அவருக்குரிய இடத்தை விமர்சகர் எம்.ஏ. நுஃமான் விடாமல் எழுதி நிலைநாட்டினார். 1984இல் 'மஹாகவி கவிதைகள்' வந்தது. அதே ஆண்டில் நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' வந்தது. இன்றும் பழைய கவிதைகளைத் தேடுபவர் கை போவது அந்தத் தொகுப்புக்குத்தான். பரிசுப் பட்டியலைத் தேடி யார் போகிறார்கள்?

போட்டிகளுக்குத் தொடர்ந்து அனுப்புவேன். தொகுப்பு அச்சானதும் அரச இலக்கிய விருதுக்கும் அனுப்புவேன். ஆனால் ஒரு கவிஞரை வளர்ப்பது அவரை ஊன்றி வாசித்து எழுதும் ஒருவர்தான். ஞாயிறன்று வாங்கிய நூலுக்கு விமர்சனம் எழுதத் தொடங்கிவிட்டேன். விழாக்களுக்கு வரும் நண்பர்களிடமும் இதையே கேட்கப் போகிறேன்: வாங்கிய புத்தகத்தை வாசியுங்கள். நின்ற கவிதை எது, தளர்ந்த இடம் எது என்று ஒரு பக்கமாவது எழுதிச் சஞ்சிகைக்கு அனுப்புங்கள்.