மணிக்கூண்டும் மர்மப் பொட்டலங்களும்

நாலு பக்கமும் கடல் சூழ்ந்த அபர்டீன் பஜாரில் எதுவுமே கப்பலில்தான் வந்தாக வேண்டும். அழைக்காமல் வந்த சரக்கு ஒன்று அந்தமான் போலீசுக்குப் பெரும் தலைவலியாகிவிட்டது.

அபர்டீன் பஜாரில் கடிகாரம் இந்திய நேரத்தைக் காட்டுகிறது. சூரியன் மட்டும் பர்மா நேரத்தில் உதிக்கிறது. கோடைக் காலத்தில் காலை ஐந்து மணிக்கே பளிச்சென்று விடிந்துவிடும். டீக்கடை பாய்லர்கள் அதற்கு முன்பே கொதிக்கத் தொடங்கிவிடும். டிசம்பரில் மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும். அதற்குள் சிப்பி மாலைகளையும் சங்குகளையும் பேரம் பேசி வாங்கிவிட வேண்டும் என்று சுற்றுலா வந்தவர்கள் கடை கடையாக ஏறி இறங்குவார்கள்.

போர்ட் பிளேர் நகரின் இதயம் இந்த பஜார். 2024 செப்டம்பரில் மத்திய அரசு நகரத்துக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டியது. பஜார் மட்டும் இன்னும் ஸ்காட்லாந்து ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வங்காளி, இந்தி, தமிழ், தெலுங்கு என்று நாலு மொழியும் ஒரே தெருவில் காதில் விழும். 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபாரின் 3.8 லட்சம் மக்களில் சுமார் 15 சதவிகிதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். வங்காளி, இந்திக்கு அடுத்த இடம். இட்லியும் சாம்பாரும் தேடி இங்கே யாரும் அலைய வேண்டியதில்லை.

பஜாரின் நடுவே முதல் உலகப் போரின் நினைவாக எழுப்பப்பட்ட மணிக்கூண்டு. பக்கத்திலேயே அபர்டீன் போலீஸ் நிலையம். நடந்து போகும் தூரத்தில் செல்லுலார் ஜெயில். ஒரு காலத்தில் கைதிகளைக் கொண்டுவந்து தள்ள ஆங்கிலேயர் தேர்ந்தெடுத்த தீவு இது. சுற்றிலும் கடல் இருக்கும்போது மதில் எதற்கு என்பது அவர்கள் கணக்கு. கடல் காவல் காக்கும் என்று நம்பினார்கள். அதே கடலைக் காவல் காப்பதுதான் இன்று பெரிய பிரச்சினை.

அது எவ்வளவு பெரிது என்பது 2024 நவம்பர் 23 அன்று தெரிந்தது. கடலோரக் காவல் படையின் டோர்னியர் விமானம் ஒன்று வழக்கமான ரோந்தில் இருந்தது. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே, இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை இருக்கும் பேரன் தீவுக்கு அருகே, மீன்பிடிப் படகு ஒன்று சந்தேகத்துக்கு இடமாகப் போய்க்கொண்டிருந்தது. வேகத்தைக் குறைக்கும்படி விமானத்திலிருந்து எச்சரித்தார்கள். கரைக்குத் தகவல் பறந்தது. விரைவு ரோந்துக் கப்பல் போய்ப் படகை மடக்கி, மறுநாள் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

படகில் இருந்த ஆறு பேரும் மியான்மர்காரர்கள். மீன் பெயருக்குக்கூட இல்லை. இருந்தவை பொட்டலங்கள்: சுமார் 3,000. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 கிலோ. உள்ளே மெத்தாம்பெட்டமைன். தெரு பாஷையில் 'ஐஸ்'. மொத்தம் 6,000 கிலோவுக்கு மேல். கடலோரக் காவல் படை அதுவரை பிடித்ததிலேயே மிகப் பெரிய போதைச் சரக்கு. சர்வதேசச் சந்தையில் மதிப்பு ரூ. 36,000 கோடி என்று போலீஸ் சொன்னது.

இந்தத் தொகையைத் தீவுவாசிகள் எல்லோருக்கும் பங்கு போட்டால் தலைக்கு ஒன்பது லட்சத்துக்கு மேல் வரும். சரக்கையே பங்கு போட்டால் கைக்குழந்தை உட்பட ஆளுக்குச் சுமார் 16 கிராம். சட்டம் 'சிறிய அளவு' என்று வைத்திருக்கும் 2 கிராமைப் போல ஏழு மடங்குக்கும் அதிகம்.

இவ்வளவு சரக்கு இந்தப் பக்கம் வருவது ஏன்? வரைபடத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,360 கி.மீ. கப்பலில் மூன்று நாள் பயணம். ரங்கூனோ அதில் ஏறத்தாழ பாதி தூரம்தான். வடகோடியில் மியான்மருக்குச் சொந்தமான கோகோ தீவுகள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. தென்கோடி இந்திரா முனையிலிருந்து சுமத்ரா 200 கி.மீ.கூட இல்லை. இடையே 700 கி.மீ. நீளத்துக்குச் சிதறிக் கிடக்கும் தீவுகளும் திட்டுகளுமாக 800-க்கு மேல். அவற்றில் மனிதர்கள் வாழ்பவை நாற்பதுக்கும் குறைவு. மற்றவற்றில் காடும் சதுப்பும் நண்டும் ஆமையும்தான். இந்தியாவின் பிரத்தியேகப் பொருளாதாரக் கடல் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தத் தீவுகளால் கிடைத்தது. அத்தனையையும் கண்காணிக்க வேண்டும்.

கண்காணிக்க ஆள் இல்லாமல் இல்லை. 2001-ல் முப்படைகளுக்கும் பொதுவான அந்தமான் நிகோபார் கமாண்ட் இங்குதான் தொடங்கப்பட்டது. கடற்படை, கடலோரக் காவல் படை, தீவுகளின் போலீஸ், சுங்க இலாகா, மத்திய போதைப் பொருள் தடுப்புப் பிரிவு என்று பட்டியல் நீளம். ஆனால் கடல் அதைவிட நீளம். ஒரு படகு உப்பங்கழிக்குள் நுழைந்து அலையாத்தி மரங்களுக்குப் பின்னால் நின்றுவிட்டால் விமானத்தின் கண்ணுக்கும் தப்பும்.

இந்த வழி பழைய வழிதான். மியான்மரிலிருந்து கள்ளத்தனமாக வரும் படகுகள் பல ஆண்டுகளாகக் கடல் அட்டையையும் சங்கு வகைகளையும் அள்ளிச் சென்றன. 2001-லிருந்து கடல் அட்டை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைத் தொட்டாலே குற்றம் என்பது ராமேசுவரத்து மீனவர்களுக்கும் நன்றாகத் தெரியும். அந்தமானில் போலீசும் வனத்துறையும் படகுகளைப் பிடிப்பதும் மாலுமிகளைச் சிறையில் வைப்பதும் வழக்கமான செய்தியாகிப் போனது. சரக்கு மாறியபோதுதான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

2019 செப்டம்பரில் கார் நிகோபார் அருகே இதே போன்ற ஒரு படகு பிடிபட்டது. அதிலும் ஆறு மியான்மர்காரர்கள். சாக்குப் பைகளில் இருந்தது கேட்டமைன், 1,160 கிலோ. அந்த ஆண்டு இறுதியில் மத்திய போதைப் பொருள் தடுப்புப் பிரிவு அந்தமானில் சுமார் 371 கிலோ 'ஐஸ்' கைப்பற்றியது. 2023 மே மாதத்தில் கேரளக் கடலில் கடற்படையும் அதே பிரிவும் சேர்ந்து சுமார் 2,500 கிலோவைப் பிடித்தன. அந்த நடவடிக்கைக்கு 'சமுத்திரகுப்த்' என்று பெயர். கிழக்கிலும் சரி, மேற்கிலும் சரி, கடல்தான் நெடுஞ்சாலை என்பது உறுதியாகிவிட்டது.

பொருள் எங்கிருந்து வருகிறது என்பதில் அதிக மர்மமில்லை. மியான்மரின் ஷான் மாநிலம் மெத்தாம்பெட்டமைன் தயாரிப்புக்குப் பேர்போனது. அபினுக்குக் கசகசாச் செடி வேண்டும், மழை வேண்டும், அறுவடை வேண்டும். 'ஐஸ்' தயாரிக்க ரசாயனமும் ஒரு கொட்டகையும் போதும். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு அங்கே உள்நாட்டுப் போர். யார் கையில் துப்பாக்கி இருக்கிறதோ அவர் வைத்ததே சட்டம். 2024-ல் மட்டும் கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் பிடிபட்ட மெத்தாம்பெட்டமைன் 236 டன் என்கிறது ஐ.நா.வின் போதைப் பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம். முந்தைய ஆண்டைவிட 24 சதவிகிதம் அதிகம். தாய்லாந்து எல்லையில் நெருக்கடி கூடினால் சரக்கு கடல் வழியைத் தேடும். கடலில் இறங்கினால் எதிரே அந்தமான்.

படகு பிடிபட்டால் செய்தி. பிடிபடாமல் போனால்? அதற்கும் ஒரு விடை 2024-ல் கிடைத்தது. மாயாபந்தர் பக்கம் கர்மாடாங் என்றொரு கடற்கரை. ஆமைகள் முட்டையிட வரும் அமைதியான இடம். அந்தப் பகுதியில் இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பதுங்கு குழி ஒன்று இருந்தது. 1942 முதல் 1945 வரை அந்தமான் ஜப்பானியர் பிடியில் இருந்தபோது கரையோரமெங்கும் முளைத்த குழிகளின் மிச்சங்கள் இன்றும் உண்டு. மலப்புரம் மாவட்டத்தில் பிடிபட்ட போதை வழக்கு ஒன்றின் நூலைப் பிடித்துக்கொண்டு கேரளக் கலால் துறையினர் அந்தமானுக்கே வந்து சேர்ந்தார்கள். சுங்க இலாகாவினருடன் சேர்ந்து தேடியபோது குழிக்குள் போதைப் பொருள் பதுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. மதிப்பு ரூ. 100 கோடி என்றார்கள். மஞ்சேரியில் பிடித்த நூலின் மறுமுனை வங்காள விரிகுடாவுக்கு அப்பால் இருந்தது.

தீவுக்காரர்களுக்கு உண்மையான ஆபத்து இங்குதான் தொடங்குகிறது. அலை ஒதுக்கும் பொருள் கண்டெடுத்தவனுக்கே சொந்தம் என்பது கடற்கரை வாழ்க்கையின் எழுதாத சட்டம். மிதவை, வலைத் துண்டு, மரக்கட்டை, பிளாஸ்டிக் பீப்பாய் எல்லாமே ஏதோ ஒன்றுக்கு உதவும். நன்றாகக் கட்டிய ஒரு பொட்டலமும் அப்படித்தான் ஒதுங்கும். உள்ளே கல் உப்பு போலவோ படிகாரம் போலவோ ஏதோ ஒன்று. அது என்னவென்று தெரியாதவர் வீட்டு மூலையில் போட்டு வைக்கலாம். தெரிந்த ஒருவர் வந்து விலை பேசலாம். அந்த நிமிடத்தில் மீனவர் கடத்தல்காரராகிவிடுகிறார்.

1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டம் இதில் இரக்கம் காட்டுவதில்லை. மெத்தாம்பெட்டமைன் 50 கிராம் இருந்தாலே 'வணிக அளவு'. தண்டனை குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு. அபராதம் குறைந்தது ஒரு லட்சம். ஜாமீன் கிடைப்பது குதிரைக் கொம்பு. உடைமையில் இருந்தது தெரிந்தால், தெரிந்தே வைத்திருந்ததாகத்தான் நீதிமன்றம் தொடங்கும். தெரியாது என்று நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். 2 கிலோ பொட்டலம் ஒன்று வணிக அளவைப் போல 40 மடங்கு. ஒரு குடும்பத்தின் 20 ஆண்டுகளை விழுங்க அதில் சிறு பகுதியே போதும்.

போலீசுக்கும் இந்தச் சட்டம் கத்தி மேல் நடக்கிற வேலை. எடை போடுவது, முத்திரை வைப்பது, மாஜிஸ்திரேட் முன்னிலையில் மாதிரி எடுப்பது, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது என்று ஒவ்வொரு படிக்கும் விதி உண்டு. ஒரு படி தவறினாலும் டன் கணக்கில் பிடித்த வழக்கு ஓட்டையாகிவிடலாம். குற்றவாளிகளின் மொழி வேறு பர்மியம். ஆங்கிலேயர் காலத்தில், 1925-ல், பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் பக்கம் குடியேறிய கரேன் மக்கள் தீவில் இருக்கிறார்கள். ஆனாலும் விசாரணை முதல் கோர்ட் வரை ஒவ்வொரு சொல்லும் மொழிபெயர்ப்பில்தான் நகர வேண்டும். மேல்முறையீடு என்றால் கல்கத்தா உயர் நீதிமன்றம். அதன் சுற்று அமர்வு போர்ட் பிளேரில் கூடுகிறது.

கடத்தல்காரர்களுக்கு இத்தகைய சிரமங்கள் இல்லை. 2024 நவம்பரில் பிடிபட்ட படகில் இருந்து ஸ்டார்லிங்க் கருவி ஒன்றும் கைப்பற்றப்பட்டது. செயற்கைக்கோள் மூலம் நடுக்கடலிலும் இன்டர்நெட் தரும் சாதனம். அப்போது இந்தியாவில் அந்தச் சேவைக்கு உரிமமே கிடையாது. அது 2025 ஜூனில்தான் கிடைத்தது. கருவியை யார் வாங்கினார்கள், எங்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்று அந்தமான் போலீஸ் நிறுவனத்திடம் விவரம் கேட்டது. இந்தியாவின் மேல் தங்கள் செயற்கைக்கோள் அலைகள் இயக்கப்படவே இல்லை என்று அதன் அதிபர் ஈலான் மஸ்க் மறுத்தார். செல்போன் கோபுரம் இருந்தால் எந்த எண்ணிலிருந்து யார் பேசினார் என்று போலீஸ் தோண்டி எடுத்துவிடும். வானத்தில் இருக்கும் கோபுரத்திடம் கேட்க வேறு நாட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது.

2019-லும் ஆறு பேர், 2024-லும் ஆறு பேர். எல்லோரும் படகு ஓட்டிகள். சரக்குக்குப் பணம் போட்டவர், வாங்கக் காத்திருந்தவர் இருவரும் படகில் ஏறுவதில்லை. 6,000 கிலோவை இழந்தும் தாங்கிக்கொள்ள முடிந்தவர் யார் என்ற கேள்விக்கு விடை போர்ட் பிளேர் ஜெயிலில் இல்லை. விசாரணை கடல் தாண்டிப் போக வேண்டும். போரில் சிக்கியிருக்கும் மியான்மரில் போய் எந்தக் கதவைத் தட்டுவது?

இந்த நிலையில் போலீசுக்கு எஞ்சியிருக்கும் பலமான ஆயுதம் தகவல். அபர்டீனுக்கு இது புதிதல்ல. 1859 மே மாதத்தில் அந்தமான் ஆதிவாசிகள் ஆங்கிலேயர் குடியிருப்பின் மீது பெரும் தாக்குதல் நடத்தினார்கள். வரலாறு அதை 'அபர்டீன் போர்' என்கிறது. தப்பி ஓடி ஆதிவாசிகளுடன் ஓராண்டு வாழ்ந்த தூத்நாத் திவாரி என்ற கைதி முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டதால் ஆங்கிலேயர் தப்பினார்கள். வில்லும் அம்பும் ஏந்தி வந்தவர்கள் துப்பாக்கிகளுக்குப் பலியானார்கள். தன்னை ஏற்றுக்கொண்ட மக்களைக் காட்டிக் கொடுத்தவர் என்ற பழியும் திவாரிக்கு உண்டு. போரில் மாண்ட ஆதிவாசிகளுக்கு இன்று கடற்கரையோரம் நினைவுச் சின்னம் இருக்கிறது.

இன்று கேட்கப்படும் தகவலில் அந்தப் பழி இல்லை. அதிகாலையில் படகு இறக்கும் மீனவர், ஆளில்லாத தீவின் பக்கம் புகை கண்டவர், மணலில் பொட்டலம் பார்த்தவர்: இவர்கள்தான் விமானத்துக்கும் கப்பலுக்கும் எட்டாத கண்கள். ஆனால் பொட்டலத்தைக் கண்டேன் என்று சொல்ல வருபவரையே சந்தேகக் கண்ணோடு பார்த்தால் அடுத்தவர் வர மாட்டார். பயந்து பேசாமல் இருப்பார். அல்லது விலை பேசுபவரிடம் போவார். எத்தனை டன் பிடித்தோம் என்பதோடு, போலீஸ் நிலையப் படியேற எத்தனை பேர் தயங்கவில்லை என்பதும் முக்கியம்.

மாலையில் மணிக்கூண்டைச் சுற்றி ஆட்டோக்கள் மொய்க்கின்றன. சென்னைக் கப்பலுக்கு டிக்கெட் கிடைத்தவர்கள் பெட்டி கட்ட கயிறு வாங்குகிறார்கள். கிடைக்காதவர்கள் அடுத்த கப்பல் எப்போது என்று விசாரிக்கிறார்கள். அரிசி, வெங்காயம், சிமென்ட், சினிமா இதழ் எல்லாமே கப்பல் கொண்டுவந்தவைதான். வெளிச்சம் குறைந்ததும் துறைமுகத்துக்கு அப்பால் கடல் கறுத்துப் போகிறது. எந்தப் படகில் மீன், எந்தப் படகில் பொட்டலம் என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. விடியும்போது மணலில் எதைக் கண்டாலும் நேராக மணிக்கூண்டுப் பக்கம் வந்து சொல்லலாம் என்ற தைரியம் அவருக்கு இருந்தால், அபர்டீன் பஜார் நிம்மதியாகத் தூங்கும்.