திறக்காத பாட்டில்

குடிதான் என் அப்பாவைக் கொண்டுபோனது. நண்பர் பரிசளித்த கிளென்லிவெட் சிங்கிள் மால்ட் விஸ்கி அதனால்தான் இன்னமும் திறக்கப்படாமல் அலமாரியில் நிற்கிறது. ஸ்காட்லாந்தின் அந்த வடிசாலை 2024-ல் தனது 200 ஆண்டு நிறைவுக்காக வெளியிட்ட சிறப்புப் பதிப்பு அது.

விழா நாயகர் ஜார்ஜ் ஸ்மித். 1823-ல் புதிய சட்டம் வரிச்சுமையைக் குறைத்தது. மறு ஆண்டே உரிமம் வாங்கினார். பள்ளத்தாக்கெங்கும் திருட்டுத்தனமாகக் காய்ச்சிக்கொண்டிருந்த அக்கம்பக்கத்தாருக்கு அது பச்சைத் துரோகம். வடிசாலையைக் கொளுத்துவோம் என்று மிரட்டினார்கள். பல ஆண்டுகள் இரண்டு கைத்துப்பாக்கிகளுடனேயே நடமாடினார் ஸ்மித்.

அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். மிரட்டியவர்கள் காய்ச்சியதும் விஸ்கிதான். ஒரு காகிதம் அவர்களைக் குற்றவாளிகளாக்கியது, இவரைப் பாரம்பரியமாக்கியது.

ஆனால் பாட்டிலைத் திறக்க மனம் வரவில்லை. அப்பா குடித்ததும் உரிமம் பெற்ற சரக்குதான்.